பன்னெண்டு இல்ல, ரெண்டு

ஜூன் கடைசியில் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து கும்பகோணம் போனது அக்கா பேத்தியின் காதுகுத்துக்கு. இறங்கிய மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவின் இடது கால் வீங்கிச் சிவந்து, தொட்டால் கொதித்தது. காய்ச்சல் வேறு. ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணிக்கு உள்ளே போனோம், அரை மணிக்குள் ரத்தம் எடுத்து ட்ரிப்ஸ் ஏற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் அந்நேரத்துக்கு உட்கார நாற்காலி கிடைத்திருந்தாலே பெரிது. செல்லுலைட்டிஸ், தோலுக்கடியில் கிருமித்தொற்று என்றார்கள். ஐந்து நாளில் வீக்கம் வடிந்தது.

டிஸ்சார்ஜ் அன்று காலை நான்கு பக்க சம்மரி கையில் வந்தது. முழுக்க ஆங்கிலம். எனக்கு இதைப் படிக்கும் பழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 31-க்குள் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர்கள் புதிதாக எழுதும் குறிப்புகளை நோயாளிக்கு ஆன்லைனில் திறந்துவிட வேண்டும் என்று அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. அங்கத்திய அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.-இன் ஆப்பில் என் குறிப்பைப் பார்த்தபோது, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத என்னைப் புகைப்பவன் ஆக்கியிருந்தார்கள். அந்தத் தெம்பில் சம்மரியை வரிவரியாகப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் அம்மாவை 'அவன்' என்று எழுதியிருந்தது. வேறு யாரோ ஒருவரின் பழைய சம்மரியின் மேலேயே டைப் அடித்திருக்கிறார்கள். சிஸ்டரிடம் காட்டினேன். "டைப்பிங் மிஸ்டேக் சார், எல்லாருக்கும் வரும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வேறு தப்பு எதுவும் இல்லை என்று மடித்து வைத்தேன்.

பில் கவுன்டரில் இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்குக் காத்திருக்கச் சொன்னார்கள். ஊரில் இது அரை நாள் வேலை. பொழுது போகாமல் அம்மா, "அதுல என்னதான்டா எழுதிருக்கான், படியேன்" என்றார். தினமும் தமிழ் பேப்பரை விளம்பரம் விடாமல் படிக்கிறவர், தன் உடம்பைப் பற்றிய காகிதத்தை மட்டும் அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

"சர்க்கரை நோய், பன்னிரண்டு வருடமாக."

"ஏது பன்னெண்டு? ரெண்டு வருஷம்னுல்ல சொன்னேன்!"

"ஒவ்வாமை, எதுவும் இல்லை."

"சல்ஃபா மாத்திரை முழுங்கி மூஞ்சி பூசணிக்காயா வீங்கினது இல்லையா? அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே."

வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இரண்டுமே தெரியவில்லை. நான் கண்டுபிடித்தது 'அவன்' மட்டும்தான்.

ஒவ்வாமையை விடுபட விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பன்னிரண்டுதான் சத்தமில்லாத பொறி. அம்மாவின் பாலிசி நான்கு வருடம் பழையது. சர்க்கரை வந்தது அதற்குப் பிறகு. பன்னிரண்டு என்றால் வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்ததாக ஆகிவிடும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, தொடர்ந்து 60 மாதம் கட்டிவந்தால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தார்கள் என்று சொல்லி க்ளெய்மைத் தள்ள முடியாது. எங்களுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.

திருத்துவது லேசில் நடக்கவில்லை. டைப்பிஸ்ட், "கேஸ் ஷீட்ல இருக்கறதத்தான் சார் அடிச்சேன்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். முதல் ராத்திரி அவசரத்தில் கேஸ் ஷீட்டிலேயே 12 என்று விழுந்திருந்தது. இன்ஷூரன்ஸுக்கு முதலில் போன படிவத்திலும் அதே 12. டூட்டி டாக்டர் சின்னப் பெண். "ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?" என்றார். அம்மா தலைமாட்டிலிருந்து மஞ்சப்பையை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் முதன்முதலாகச் சர்க்கரை தெரிந்த லேப் ரிப்போர்ட்டும், சல்ஃபா மாத்திரை எழுதிய பழைய சீட்டும் அதில் இருந்தன. லேப் ரிப்போர்ட்டில் இனிஷியல் வேறு, தாத்தா பெயரில் இருந்தது. ஆதாரில் அப்பா இனிஷியல். அதற்கொரு பத்து நிமிட விளக்கம்.

டாக்டர் பழைய எழுத்தை அடித்துத் தேய்க்கவில்லை. 12-ன் மேல் படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு, பக்கத்தில் 2, தேதி, கையெழுத்து. கேஸ் ஷீட் முகப்பில் சிவப்பு மையில் சல்ஃபா. "நல்லவேளை பாட்டி சொன்னீங்க" என்றார். பெரிய டாக்டரின் லெட்டர்ஹெட்டில் சீலோடு ஒரு திருத்தக் கடிதம் வாங்க மாலை ஐந்தாகிவிட்டது. ஒப்புதல் வரும்போது எட்டரை.

அமெரிக்காவில் 2020-ல் வெளியான ஓர் ஆய்வு ஞாபகம் வந்தது. டாக்டர் குறிப்பைப் படித்த நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் தப்பு இருப்பதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் நூற்றுக்கு 42 பேர் அது பெரிய தப்பு என்றார்கள். அங்கே குறிப்பைக் கண்ணில் காட்டுவதற்கே சட்டம் தேவைப்பட்டது. இந்தியாவில் 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி, கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணத்தைத் தர வேண்டும். அது போக, நம் ஊரில் எக்ஸ்ரே முதல் சீட்டு வரை நோயாளி பையில்தான் கிடக்கிறது. பிரிண்ட் எடுப்பதற்கு முன் கட்டில் பக்கத்தில் நின்று, வயது, வியாதி, ஆகாத மருந்து என்று தமிழில் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்ட ஒரு ஆள் போட்டால் போதும். பில்லை மட்டும் இரண்டு பேர் சரிபார்க்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மார்க்கர் வாங்கி ஃபைல் அட்டையில் 'சல்ஃபா மாத்திரை ஆகாது' என்று பெரிதாக எழுதினேன். அம்மா மார்க்கரைப் பிடுங்கி, கீழே தன் கையெழுத்தில் 'சர்க்கரை 2 வருஷம்' என்று எழுதி, ரெண்டைச் சுற்றி வட்டம் போட்டார். அடுத்த வாரம் காட்டப் போனபோது வேறொரு டாக்டர். ஃபைலைத் திறக்கப் போனவரிடம், "தம்பி, மொதல்ல அட்டையப் படிங்க" என்றார்.