ஃபெட்ச் ஹெடர்ஸ்: சொல்லாமல் கழற்றிவிடும் ஏபிஐ

பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரோடு பேச இரண்டு வழிகள்: பழைய எக்ஸ்எச்ஆர் (XMLHttpRequest), புதிய ஃபெட்ச். பழைய எக்ஸ்எச்ஆர் கோடை ஃபெட்சுக்கு மாற்றலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். ரிக்வெஸ்ட் ஹெடர், அதாவது கோரிக்கையோடு சர்வருக்குப் போகும் பெயர்-மதிப்புக் குறிப்பு, வைக்கும் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எக்ஸ்எச்ஆரில் இதற்கு இருப்பது செட்ரிக்வெஸ்ட்ஹெடர் ஒன்றுதான். ஓப்பனுக்குப் பிறகு, சென்டுக்கு முன்னால் கூப்பிட வேண்டும். வரிசை மாறினால் எக்செப்ஷன். ஒரே ஹெடரை இரண்டாம் முறை வைத்தால் பழைய மதிப்பு போகாது, புதியது கமா போட்டு அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும். வைத்ததைப் பார்க்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஃபெட்சோடு வந்த ஹெடர்ஸ் ஆப்ஜெக்டில் செட் மாற்றும், அப்பென்ட் சேர்க்கும். கெட், ஹேஸ், டெலீட் எல்லாம் உண்டு. அனுப்புவதற்கு முன் எல்லா ஹெடரையும் ஒரு லூப் போட்டுப் பார்த்துவிடலாம். உண்மையிலேயே அழகான வடிவமைப்பு.

ஆனால் ஒரு விஷயம் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. குக்கி, ஹோஸ்ட், ஒரிஜின் போன்ற ஹெடர்களைப் பிரவுசர் நம் கையில் விடாது. அது நியாயம்தான், ஒரு பக்கம் தன் ஒரிஜினையே, அதாவது தான் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதையே, மாற்றிச் சொல்ல முடிந்தால் சர்வர் எதை நம்பும்? தடுக்கட்டும், ஆனால் தடுத்ததைச் சொல்ல வேண்டாமா? நியூ ஹெடர்ஸ் என்று தனியாக ஒன்றை உருவாக்கி அதில் குக்கியை வையுங்கள். வாங்கிக்கொள்ளும். கெட் போட்டால் வைத்ததை அப்படியே காட்டும். அதையே ஃபெட்சிடம் கொடுத்தால் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுத்தான் அனுப்பும். எரர் கிடையாது. வேறு தளத்துக்கு, பதிலைப் படிக்க முடியாத நோ-கார்ஸ் மோடில் அனுப்பினால், நாம் யார் என்று காட்டும் ஆத்தரைசேஷன் ஹெடருக்கும் இதே கதி. சர்வர் 401 (அனுமதி இல்லை) தந்தாலும் நம் கோடுக்குத் தெரியும் ஸ்டேட்டஸ் 0 தான். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் ஃபெட்சில் குக்கிக்குத் தடை இல்லை என்பதால் அங்கே டெஸ்ட் பாஸ் ஆகிவிடும், பிரவுசரில் போய் உதைக்கும்.

ஃபெட்சுக்கு எரர் எறியத் தெரியாமல் இல்லை. ஹெடர் மதிப்பில் தமிழில் ஒரு பெயரை எழுதுங்கள், உடனே டைப்எரர் வரும்; என்கோட் செய்துதான் அனுப்ப வேண்டும். டோக்கன் (அடையாளச் சாவி) இல்லாமல் அதன் இடத்தில் அன்டிஃபைன்ட், அதாவது வெறும் மதிப்பு, போனாலோ, அதையே "undefined" என்று ஒரு சொல்லாக எடுத்து அனுப்பிவிடும்!

காணாமல் போன ஹெடர் ஒன்றை இன்று மதியம் முழுக்கத் தேடிவிட்டு எழுதுகிறேன். அதனால் என் பதில்: ஒழுங்காக ஓடுகிற பழைய கோடை இப்போதைக்குத் தொடாதீர்கள். தடுத்த ஹெடருக்கு எக்ஸ்எச்ஆராவது குரோம் கன்சோலில் ஒரு சிவப்பு வரி காட்டுகிறது.