இரண்டு மழை பெய்யும் ஊரில் கேன்வாஸா, தோலா?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் இரண்டு ஸ்னீக்கர் வாங்கினேன். இரண்டும் வெள்ளை, ஒன்று கேன்வாஸ், இன்னொன்று தோல். குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது மாற்றி மாற்றிப் போட்டேன்.

முதலில் எனக்குக் கேன்வாஸைத்தான் பிடித்தது. எடையே தெரியாது. முதல் நாளே காலோடு ஒத்துப்போனது. தோல் ஷூ இரண்டு வாரம் குதிகாலைக் கடித்துப் புண்ணாக்கியது.

ஜூன் பிறந்ததும் நிலைமை மாறியது. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நனைந்த கேன்வாஸ் காய இரண்டு நாள் ஆகும். அதற்குள் வாடை வந்துவிடும். பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேனுக்குக் கீழே வைப்பேன். சோப்புத்தூளைச் சரியாக அலசாவிட்டால் மஞ்சள் கறை படியும். நன்றாக அலசி, வெள்ளை டிஷ்யூ தாளைச் சுற்றிக் காயவைத்தால் கறை தாளுக்கு ஏறிவிடும். இது தெரியவர எனக்கு ஒரு வருடம் ஆனது.

எங்கள் வீட்டில் ரப்பர் பால் வெட்டி ஷீட் அடிக்கிறோம். அதனால் எந்த ஷூவிலும் என் கண் முதலில் சோலுக்குத்தான் போகும். பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், கடுங்குளிரில் விறைக்கும். கந்தகமும் சூடும் சேர்ந்தால்தான் உறுதிப்படும் என்று 1839இல் கண்டுபிடித்தவர் சார்லஸ் குட்இயர். என் கேன்வாஸ் ஷூவிலும் ரப்பர் பட்டையைத் துணியோடு ஒட்டி அப்படித்தான் சூடேற்றியிருக்கிறார்கள். பதினான்காம் மாதம், விரல் மடங்கும் இடத்தில் அந்தப் பட்டை வாய் பிளந்தது. இரண்டு முறை பசை போட்டும் நிற்கவில்லை.

தோல் ஷூவின் சோல் கிண்ணம் மாதிரி. மேல்பகுதியை உள்ளே வாங்கி, சுற்றிலும் தைத்திருக்கும். போன வருடம் ஓரிடத்தில் நூல் விட்டது. மார்த்தாண்டத்தில் செருப்பு தைக்கும் அண்ணன் நைலான் நூலால் தைத்துத் தந்தார். “ஒட்டுன சோலு விட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது மக்களே, இதுல தையல் இருக்குல்லா” என்றார். இன்றும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

தோலிலும் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் அலமாரியில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஏப்ரலில் கால் வெந்துபோகும். முட்டம் கடற்கரைக்குப் போக இன்னும் கேன்வாஸ்தான் சுகம். மணலை உதறினால் போதும்.

ஒரு ஜோடிக்குத்தான் காசு என்றால் தோலே வாங்குங்கள். சில சோல்களில் தையல் போலவே அச்சில் வார்த்திருப்பார்கள். கடையிலேயே நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் தட்டுப்பட வேண்டும்.