திருகோணமலையில் வளர்ப்பு நாயுடன் தங்கப் போகிறவர்களின் கவனத்திற்கு

உப்புவெளி, நிலாவெளிப் பக்கமாக வளர்ப்பு நாயுடன் தங்குவதற்கு அறை தேடுகிறவர்கள், "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு" என்ற ஒற்றை வரியை நம்பி முற்பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். கடந்த ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பமாகச் சென்ற எங்களுக்கு உப்புவெளியிலுள்ள ஒரு விருந்தினர் விடுதியில் நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது.

நாயின் வயது, உயரம், வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசி போட்ட விபரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, அது வீட்டுக்குள் எங்களுடன் உறங்கிப் பழகியது என்பதையும் தெரிவித்திருந்தோம். பிரச்சினையே இல்லை என்று கூறி, 15,000 ரூபாயை வங்கிக் கணக்கில் வைப்பிலிடச் செய்தார்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது பேச்சு மாறிவிட்டது. "அனுமதி எண்டால் வளவுக்குள்ள தான் அக்கா, அறைக்குள்ள எண்டு நாங்கள் சொல்லேல்லையே" என்றார் முகாமையாளர்.

அவர் காட்டிய இடம், சமையலறைக்குப் பின்னால் மின்பிறப்பாக்கி வைத்திருந்த தகரக் கொட்டில். நிலமெங்கும் டீசல் கறை. சுவரில் அறைந்த ஆணியில் துருப்பிடித்த சங்கிலியொன்று தொங்கியது. சீமெந்து வெடிப்புகளில் உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்ததை என் மகள்தான் முதலில் கண்டாள். கச்சான் காற்று அனலாக வீசும் பருவத்தில் அந்தத் தகரத்தின் கீழ் ஒரு உயிரைக் கட்டிவைப்பது கொடுமை. மனிதரைப் போல நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அதற்கு வேறு வழியில்லாமல் போய், உடல் வெப்பம் 41 பாகை செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்படியானால் வாகனத்துக்குள் விடுங்கள் என்று அவர் சொன்னது அதைவிட மோசமான யோசனை. கண்ணாடி மூடிய வாகனம் வெயிலில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

கடைசியில், இரவொன்றுக்கு 5,000 ரூபாய் "துப்புரவுக் கட்டணம்" தந்தால் அறைக்குள் வைத்திருக்கலாம் என்றார்கள். இவ்வளவு இழுபறியும் இந்தப் பணத்துக்காகத்தான் என்பது அப்போது விளங்கியது. மறுத்து வெளியேறிய எங்களுக்கு முற்பணமும் திரும்பவில்லை, பற்றுச்சீட்டும் தரவில்லை.

ஆகவே, நாய் இரவில் எங்கே படுக்கும், மேலதிகக் கட்டணம் எவ்வளவு, நீங்கள் வெளியே போகும்போது அதை அறையில் விட்டுச் செல்லலாமா என்பவற்றைப் பணம் கட்டுமுன் வட்ஸ்அப்பில் எழுத்து மூலம் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கடைசிக் கேள்வி திருகோணமலையில் மிக முக்கியம்: புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் நாயை அங்கே கொண்டுபோக முடியாது; கோணேசர் கோயிலுக்கும் அப்படியே, போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் வேறு திரிகின்றன. கடற்கரையில் கட்டாக்காலி நாய்கள் அதிகம் என்பதால், வளவுக்கு மதிலும் படலையும் உண்டா என்றும் விசாரியுங்கள்.

விடுதி பதிவுபெற்றதா என்பதைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் 1912 இலக்கத்தில் கேட்கலாம். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வங்கி வைப்புச் சீட்டையும் அந்தக் கொட்டிலின் படங்களையும் இணைத்து எங்களுடையதை அனுப்பியிருக்கிறோம்.