யூநேமா, ஓஎஸ்-ரிலீஸா? லினக்ஸ் வெர்ஷனை எதில் பார்ப்பது

"சர்வர்ல என்ன வெர்ஷன் ஓடுது?" என்று கேட்டால், கைப்பழக்கத்தில் 'யூநேம் -ஆர்' கட்டளையை அடித்து "5.15" என்று பதில் போடுபவர்கள் உண்டு. அது கெர்னலின், அதாவது லினக்ஸின் உட்கருவின் எண். கேட்டவருக்கு வேண்டியது எந்த டிஸ்ட்ரோ (கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் தொகுப்பு), உபுண்டுவா டெபியனா, அதில் எத்தனையாவது பதிப்பு என்பது.

உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதன் கெர்னல் 5.15. அதே 22.04 பிற்பாடு 6.8 கெர்னலோடும் ஓடியது. அதனால் கெர்னலை வைத்து டிஸ்ட்ரோவை ஊகிக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது. கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் மென்பொருளை ஓட்டும் டாக்கரில் இன்னும் மோசம்: டெபியன் கண்டெய்னருக்குள் யூநேம் அடித்தால் வெளியே இருக்கும் ஹோஸ்டின் கெர்னல்தான் வரும். கண்டெய்னருக்கென்று தனிக் கெர்னல் ஏது? டிரைவர் தகராறு என்றால் மட்டுமே நான் யூநேம் பக்கம் போவேன்.

மற்றதற்கெல்லாம் என் ஓட்டு இடிசி அடைவிலுள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்புக்கு. முன்பு ரெட்ஹேட்டுக்கு ஒன்று, சுசேக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கோப்பு வைத்திருந்தார்கள். 2012இல், லினக்ஸைத் தொடக்கிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின் குழு இதைப் பொதுவாக்கியது. சிஸ்டம்டியே இல்லாத ஆல்பைன் டிஸ்ட்ரோவிலும் இந்தக் கோப்பு இருக்கிறது. கோப்பைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளையைப் போட்டால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். ஷெல் மாறிகளின் வடிவில் இருப்பதால் ஸ்கிரிப்டிலும் நேராக இழுத்துக்கொள்ளலாம்.

'எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ' கட்டளை பார்க்க அழகு: நாலே வரி, முழுப்பெயர், குறிப்பெயர் எல்லாம் வரும். ஆனால் அது தனி பேக்கேஜ். சின்ன கண்டெய்னர் இமேஜ்களில் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்று கையை விரிக்கும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட் டிஸ்ட்ரோவில் வேறு ஒரு கண்ணி இருக்கிறது. மின்ட் 21.3இல் குறிப்பெயர் கேட்டால் 'வர்ஜினியா' என்று சொல்லும். அதை அப்படியே உபுண்டுவுக்கான ரெப்போ (பேக்கேஜ் களஞ்சியம்) வரியில் ஒட்டினால், அந்தப் பெயரில் அங்கே அடைவே இல்லாததால் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் 404 காட்டும். அங்கே வேண்டியது அடிப்படையான உபுண்டு 22.04இன் குறிப்பெயர் 'ஜாமி'. அது ஓஎஸ்-ரிலீஸில் 'உபுண்டு_கோட்நேம்' என்ற தனி வரியாகவே இருக்கிறது.

'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளை டிஸ்ட்ரோ, கெர்னல் இரண்டையும் ஒரே திரையில் காட்டும். விர்ச்சுவல் மெஷினா என்றுகூடச் சொல்லிவிடும். சிஸ்டம்டி ஓடாத கண்டெய்னரில் உதவாது. இடிசியில் இருக்கும் 'இஷ்யூ' கோப்பை நம்பாதீர்கள். லாகினுக்கு முன் தெரியும் வாசகம் அது. அட்மின்கள் அதை அழித்துவிட்டு எச்சரிக்கை எழுதி வைப்பது வழக்கம்.

மிச்சம், இடிசியிலேயே இருக்கும் 'டெபியன்_வெர்ஷன்' கோப்பு. உபுண்டு 22.04இல் திறந்தால் 'புக்வர்ம்/சிட்' என்று டெபியனின் குறிப்பெயர்களைக் காட்டிக் குழப்பும். ஆனால் அசல் டெபியன் 12இல் ஓஎஸ்-ரிலீஸ் வெறும் 12 என்று நிறுத்திக்கொள்ளும்; 12.5ஆ 12.6ஆ என்று பார்க்க இந்தக் கோப்பைத்தான் திறக்க வேண்டும்.