மானா, வான்கோழியா? துணையில்லாத வேட்டைக்காரனின் கணக்கு

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் வட்டாரத்துத் தமிழர்களில் வேட்டைக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனாலேயே அக்டோபர் பிறந்தால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: முதல் முறையாகப் போகிறேன், மானுக்குப் போகட்டுமா, வான்கோழிக்குப் போகட்டுமா? ஐந்து இலையுதிர்காலங்களில் நான் வீடு கொண்டுவந்து சேர்த்தவை இரண்டு மான், ஒரு வான்கோழி. இந்தக் கணக்கைக் கேட்டவர்கள் மான் என்றுதான் பதில் வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் வான்கோழி என்று சொல்கிறேன்.

முதலில் செலவு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பென்சில்வேனியாவில் குடியிருப்பவருக்குப் பொது வேட்டை உரிமம் சுமார் 21 டாலர். கொம்புள்ள மான் ஒன்று, இலையுதிர்கால வான்கோழி ஒன்று, வசந்தகால வான்கோழிச் சேவல் ஒன்று, மூன்றுக்கும் சீட்டு அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. பெட்டை மானுக்குத் தனியாக 6.97 டாலர் கட்ட வேண்டும். வில்லோடு போவதென்றால் அதற்கும் ஒரு கூடுதல் உரிமம் உண்டு. முதன்முறை உரிமம் எடுப்பவர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் அடுத்தபடியாகத் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதே சட்டம் விலக்கும் தருகிறது. விலக்கு இருப்பது தெரிந்தும், கிரீன் கார்டு வரும்வரை நான் குறுக்குவில்லோடுதான் (கிராஸ்போ) காட்டில் திரிந்தேன். வேறொன்றுமில்லை, பயம்.

நாட்களைப் பொறுத்தவரை மானின் கை ஓங்கியிருக்கிறது. வில் பருவம் அக்டோபர் தொடக்கத்திலேயே திறந்துவிடும். நவம்பர் நடுவில் ஆண் மான்கள் பெட்டையைத் தேடி நிதானமிழந்து அலையும்போது பகலிலேயே கண்ணில் படும். ரைஃபிள் பருவம் நெடுங்காலமாக நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கியது. கிராமப்புறப் பள்ளிகள் பல அன்று விடுமுறையே விட்டுவிடும். 2019இல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். பழைய ஆட்கள் இன்னும் புலம்புகிறார்கள். விடுப்பை எண்ணி எண்ணி எடுக்கும் என் போன்றவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. வான்கோழிப் பருவமோ நவம்பர் தொடக்கத்தில் வந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். எத்தனை நாள் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சில வட்டாரங்களில் இலையுதிர்காலத்தில் அனுமதியே இல்லை. 2021 முதல் இந்தப் பருவத்தில் வான்கோழிக்கு ரைஃபிளும் கூடாது. ரவைகளைச் சிதறவிடும் ஷாட்கன் அல்லது வில்தான்.

காட்டுக்குள் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். மானை ஏமாற்ற அதன் மூக்கை ஏமாற்ற வேண்டும். நம் ஆரஞ்சு நிறச் சட்டை அதன் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். ரைஃபிள் பருவத்தில் தலை, மார்பு, முதுகு என்று 250 சதுர அங்குலம் ஆரஞ்சு கட்டாயம் என்றாலும் மானுக்கு அதனால் ஒன்றும் இல்லை. காற்று மட்டும் நம் பக்கமிருந்து அதன் பக்கம் திரும்பிவிட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது. வான்கோழிக்கு மோப்பம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கண் இருக்கிறதே! நிறம் தெரியும், ஏறக்குறைய முதுகுப்புறம் வரை தெரியும். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் அறுபது கஜத்துக்கு அப்பால் தலை ஒன்று மேலெழும்பும். அடுத்த நொடி அங்கே வெறும் சருகுதான் இருக்கும். மயிலைப் பார்த்து ஆடிய அசட்டுக் கோழி என்று சிறுவயதில் நாம் சிரித்த பறவை இதுதானா என்று எனக்குப் பலமுறை சந்தேகம் வந்ததுண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் எவரும் சொல்லக்கூடியது. என் முடிவைத் தீர்மானித்தது வேறு. குண்டு பாய்ந்த பிறகு உங்களோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது.

மூன்றாவது ஆண்டு, ரைஃபிள் பருவத்தின் முதல் சனிக்கிழமை. டஸ்கரோரா அரசுக்காட்டில், சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், பள்ளத்தைப் பார்த்த ஒரு சரிவில் உட்கார்ந்திருந்தேன். மாலை நாலேகால் மணிக்குப் பெட்டை மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். அது விழவில்லை, வாலை அடக்கிக்கொண்டு லாரல் புதருக்குள் ஓடிவிட்டது. அரை மணி நேரம் காத்திரு, உடனே பின்தொடர்ந்தால் இன்னும் ஓடும் என்று படித்திருந்தேன். காத்திருந்ததில் இருட்டிவிட்டது. நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு சருகுகளில் ரத்தம் தேடினேன். ஓக் இலை இந்தப் பருவத்தில் தானாகவே சிவந்து கிடக்கும். எது ரத்தம், எது இலை என்று விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நூற்றிருபது கஜம் போய்ச்சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மான் கிடைத்தது. நகர்த்துவதற்கு முன் சீட்டை நிரப்பிக் காதில் கட்ட வேண்டும் என்பது சட்டம். குளிரில் பேனா எழுதவில்லை. அக்குளில் வைத்துச் சூடேற்றி எழுதினேன். பிறகு வயிற்றைக் கீற வேண்டும். உடற்சூடு இறங்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும் என்பதால் குடலைக் காட்டிலேயே எடுத்துவிடுவது வழக்கம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் காலை விரித்துப் பிடிப்பார், மற்றவர் கத்தியைப் பார்ப்பார். நான் ஒரு காலை என் முழங்காலால் மிதித்துக்கொண்டு, விளக்கு ஒரு பக்கம் சரிய, சிறுநீர்ப்பையைக் கிழித்துவிட்டேன். பின்தொடை இறைச்சியில் கொஞ்சம் அங்கேயே வீணாயிற்று.

அதற்கப்புறம் இழுவை. குடல் போனபின்பும் நாற்பது கிலோவுக்குக் குறையாது, அதுவும் மேட்டில். பத்தடி இழுப்பேன், நிற்பேன். எட்டு மணிக்கு மேல் ஆரஞ்சுத் தொப்பி போட்ட முதியவர் ஒருவர், தம் மகனுடன் ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டை இழுத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். ஒன்றும் கேட்காமல் என் மானைத் தூக்கித் தட்டில் வைத்தார்கள். சாலைக்கு வந்த பிறகுதான் அவர் கேட்டார்: "உன் ஆட்கள் எங்கே?" ஆட்களா? நான் தனியாக வந்தேன் என்றேன். அவர் மகனைப் பார்த்தார், மகன் என் காரைப் பார்த்தான். சிறிய செடான் கார். பின்பெட்டியில் பழைய ஷவர் திரையை விரித்து மானை மடக்கி வைத்தோம்.

இங்கே மான் வேட்டை என்பது ஏறக்குறைய உறவுமுறைக் காரியம். தாத்தா காலத்து மரக்குடில், மச்சானின் பிக்கப் வண்டி, மாமனார் வீட்டுக் கொட்டகையில் கொக்கி, இறைச்சி அறுக்க ஒரு நீள மேசை, அண்ணியின் வீட்டில் பெரிய ஃப்ரீசர். உரிமக் கட்டணத்தில் இவையெல்லாம் வருவதில்லை. நான் குடியிருப்பதோ இரண்டாம் மாடி. கொக்கி மாட்ட பால்கனிக் கம்பிதான் இருக்கிறது, அதற்கு என் மனைவியின் பதில் ஒரே வாக்கியம்: "கீழ் வீட்டுப் பாட்டி போலீஸைக் கூப்பிட்டால் நான் பேச மாட்டேன், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்." ஆகவே இறைச்சி வெட்டித்தரும் ஒரு கடையைத் தேடி ஓடினேன். அன்றைக்கு முற்றம் முழுக்க மான்கள் வரிசையில் கிடந்தன. நூறு டாலருக்கு மேல் கட்டி மூன்று வாரம் காத்திருந்ததற்குப் பதினாறு கிலோ வந்தது. அது என் மானின் இறைச்சிதானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

இதோடு நோய்க் கட்டுப்பாடு வேறு. மான்களின் மூளையைத் தின்னும் நாட்பட்ட நலிவு நோய் இந்த மாநிலத்தில் 2012இல் முதலில் கண்டறியப்பட்டது. நோய் எல்லை என்று குறிக்கப்பட்ட பகுதியில் சுட்டால் தலையும் முதுகெலும்பும் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. தலையைப் போடப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள், சோதனையும் இலவசம். மனிதருக்கு இந்த நோய் தொற்றியதாக இதுவரை உறுதிசெய்யப்படவில்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானை உண்ண வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. எலும்பை நீக்கி எடுத்துப் போவது எளிய வழிதான், அதற்கும் மேசையும் வெளிச்சமும் இன்னொரு கையும் வேண்டும்.

இரண்டாவது மான் சாலைக்கு ஐம்பது கஜத்தில் விழுந்தது. குறுக்குவில் வேட்டை, அக்டோபர் முதல் வாரம். இழுவை இல்லை என்று மகிழ்ந்தேன். வெயில் இருபது டிகிரியைத் தாண்டியது. வயிற்றுக்குள் ஐஸ் மூட்டைகளை அடைத்துக்கொண்டு, வழியெல்லாம் கண்ணாடியைத் திறந்துவைத்து ஓட்டினேன். மான் வேட்டையில் ஒரு தொல்லை தீர்ந்தால் அடுத்தது கியூவில் நிற்கிறது.

இப்போது வான்கோழி. இலையுதிர்கால முறை வசந்தத்தில் செய்வதற்கு நேர்மாறு. வசந்தத்தில் பெட்டைபோல் குரல் கொடுத்துச் சேவலை மயக்குவார்கள். இலையுதிர்காலத்தில் தாயும் அந்த ஆண்டுக் குஞ்சுகளும் கூட்டமாகத் திரியும். கூட்டத்தைக் கண்டதும் துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு, தினைப்புனத்தில் கிளி விரட்டுவதுபோல் கத்திக்கொண்டு அதன் நடுவே ஓட வேண்டும். நான்கு திசையிலும் பறவைகள் சிதற வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பறந்துவிட்டால் பயனில்லை. பிறகு அதே இடத்தில், தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, தாயைத் தேடும் குஞ்சின் குரலைக் கொடுக்க வேண்டும். கீ, கீ, கீ என்று மூன்று சீழ்க்கை, கடைசியில் லேசாக உடைந்த ஒரு கூவல்.

போன நவம்பரில் முதன்முறையாக அது பலித்தது. ஏழு மணிக்குச் சிதறடித்தேன். முப்பத்தைந்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் இடப்பக்கச் சரிவிலிருந்து என் குரலையே திருப்பிச் சொன்னதுபோல் ஒரு கீச்சு. பதில் சொன்னேன். அது பதில் சொன்னது. சருகில் மனிதன் நடப்பதைப் போலவே காலடி கேட்டது. முப்பது கஜத்தில் தலை தெரிந்ததும் சுட்டேன். கழுத்தைக் குறிபார்ப்பதால் பறவை அந்த இடத்திலேயே விழுந்தது. தேடல் இல்லை, ரத்தச் சுவடு இல்லை. நாலரை கிலோ. சீட்டைக் காலில் கட்டி, முதுகுப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பத்தரைக்கு வீட்டில் இருந்தேன். வழியில் எவர் உதவியும் தேவைப்படவில்லை.

பால்கனியில் செய்தித்தாள் விரித்து வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கினேன். இரைப்பையைக் கீறியபோது பதினேழு ஓக் கொட்டைகள், சில முழுசாகவே. மஞ்சள் தடவி அடுப்புத் தீயில் வாட்டியபோது ஊரில் நாட்டுக்கோழி வாட்டும் அதே மணம் வந்தது. மனைவி அடுக்களைக்குள் வந்தாள். நெஞ்சுக்கறி மிளகு வறுவலுக்கு அருமை. கால்களில் நரம்பு கம்பிபோல் இருக்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் மசியாது; சாறெடுத்து ரசம் வைத்துவிடுங்கள்.

ருசியை மட்டும் பார்த்தால் மானை நான் மட்டம் தட்ட மாட்டேன். கொழுப்பைச் சுத்தமாகச் செதுக்கிவிட்டால் (அது வாயில் மெழுகுபோல் ஒட்டும்) மான்கறிச் சுக்காவுக்கு ஈடு குறைவு. ஒரு மான் இருந்தால் குளிர்காலம் முழுக்க ஓடும். ஒரு வான்கோழி இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாங்கும். கிடைக்கும் வாய்ப்பும் மானுக்குத்தான் அதிகம்: இந்த மாநிலத்தில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்படுகின்றன. வான்கோழிக்கு நான் நான்கு ஆண்டு வெறுங்கையோடு திரும்பியவன். ஒற்றைப் பறவையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பரண் கட்டி மானுக்குக் காத்திருந்த அனுபவமும் எனக்கு இல்லை, உயரம் ஆகாது. உண்ணிக்கு மட்டும் இரண்டிலும் தப்பிக்க முடியாது. நவம்பரிலும் கடிக்கும், லைம் நோய் இங்கே சர்வ சாதாரணம். வீடு திரும்பியதும் உடம்பை அலசிப் பார்க்காமல் உட்காராதீர்கள்.

ஆக, கொட்டகையும் பிக்கப் வண்டியும் கூப்பிட்டால் வரும் இரண்டு ஆட்களும் உங்களுக்கு இருந்தால் தாராளமாக மானுக்குப் போங்கள். மாமன் மச்சான் இல்லாத ஊரில் தனியாக நிற்பவர் வான்கோழியில் தொடங்குவது நல்லது.

மெக்கானிக்ஸ்பர்க்கில் இருக்கும் அண்ணன் ஒருவர் இந்தக் கோடையில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, எனக்குச் சுடத் தெரியாது, ஆனால் இழுக்கத் தெரியும்" என்றார். அவரிடம் பிக்கப் வண்டியும் இருக்கிறது. வான்கோழிக்கான நாட்களை நாட்காட்டியில் குறித்துவிட்டேன், கூடவே 6.97 டாலர் கட்டிப் பெட்டை மான் உரிமம் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.