டெம்ப்ளேட்டை வாங்கி ‘ஒரிஜினல் டிசைன்’ என்று விற்றவர்கள்

கிராமப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் ஒரு சங்கம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அதில் நானும் உறுப்பினன். இது வெள்ளிவிழா ஆண்டு என்பதால் வழக்கமான ஃபிளெக்ஸ் பேனரை விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைப்பது, விழாவை ஒரு தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக ஒளிபரப்புவது என்று செயற்குழு முடிவு செய்தது. டைட்டில், விருதாளர் அறிமுகக் காட்சிகள், பெயர்ப்பட்டைகள் எல்லாம் செய்து தருவதாக அசையும் வரைகலை செய்யும் ஒரு மோஷன் கிராஃபிக்ஸ் நிறுவனம் வந்து சேர்ந்தது. அவர்கள் எங்களை ஏமாற்றிய கதைதான் இது. விழாக்கள் நெருக்கமாக வரும் மாதங்களில் இதே ஆட்கள் இதே சரக்கோடு இன்னொரு சங்கத்தின் வாசலிலும் நிற்பார்கள்.

நான் படத்தொகுப்பாளன். ஒப்பந்தம் பேசியது செயற்குழு. ஒளிபரப்புக்குப் போகும் பிரதியைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. அதனால் அவர்கள் அனுப்பிய கோப்புகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வந்தன.

மதிப்பீடு ரூ.2,40,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 43,200. பாதியை முன்பணமாக, வரியோடு சேர்த்து 1,41,600 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். தாளில் கருத்துருவாக்கம், ஸ்டைல் ஃபிரேம், ஸ்டோரிபோர்டு, அனிமேஷன், ஒலி வடிவமைப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தது. தொழில் தெரிந்தவர்களுக்கு இந்த வரிசையின் அர்த்தம் தெரியும். நிறம், எழுத்துரு, ஒளி எப்படி இருக்கும் என்று இரண்டு மூன்று அசையாப் படங்களாக முதலில் காட்டுவார்கள். அதுதான் ஸ்டைல் ஃபிரேம். அதற்கு ஒப்புதல் வாங்கிய பிறகே காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டு, அதன் பிறகே அசைவு. கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு இந்த முதல் கட்டத்து யோசனைக்குத்தான். இவர்களோ ஒரே வாரத்தில் முழு வீடியோவை அனுப்பிவிட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் பொருளாளர் தாளைப் பார்த்து, ஸ்டோரிபோர்டு எங்கே என்று கேட்டார். “நேரம் குறைவாக இருக்கிறதே ஐயா, அதனால் நேராக ஃபைனலுக்கே போய்விட்டோம்” என்று பதில் வந்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருட்டில் தங்கத் துகள்கள் சுழன்று வந்து சங்கத்தின் சின்னமாகத் திரண்டன. கைப்பேசியில் பார்த்த செயற்குழு கைதட்டியது. கைப்பேசியில் எதுவும் அழகாகத்தான் இருக்கும்.

முதல் சிக்கல் சுவரின் அளவில் வந்தது. எல்.இ.டி. சுவர் என்பது தொலைக்காட்சிப் பெட்டி அல்ல. சிறு சிறு பெட்டிகளை அடுக்கிக் கட்டுவது. எங்களுக்கு அமைத்தது 3.91 மில்லிமீட்டர் பிக்சல் இடைவெளி கொண்ட, அரை மீட்டர் சதுரப் பெட்டிகள். ஒரு பெட்டியில் 128க்கு 128 பிக்சல். அகலத்தில் 16, உயரத்தில் 6 அடுக்கினால் 2048க்கு 768. இந்தக் கணக்கை வரைபடத்தோடு எல்.இ.டி. கடைக்காரர் முன்பே அனுப்பியிருந்தார். நிறுவனமும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் எழுதியிருந்தது. வந்த கோப்போ 1920க்கு 1080. அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். விருதாளர் பெயர்கள் இருந்ததே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். வெட்டாமல் இழுத்து நிரப்பினால் எல்லாம் உயரத்தைவிட ஒன்றரை மடங்கு அகலமாகிவிடும். வட்டமான எங்கள் சின்னம் முட்டையாயிற்று. விருதாளர் முகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது தமிழ் எழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தமிழில் விழா நடத்தும் எல்லோரும் இதில் மாட்ட வாய்ப்பிருக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளின் பழைய பதிப்புகளில் எழுத்தைக் கையாளும் இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றும் அமைப்பு உண்டு. அதை மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்புகள் இடம் மாறும். யூனிகோடில் முதலில் மெய்யும் பிறகு கொம்பும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது நடக்காததால் ‘வாழ்நாள் சேவை விருது’ என்ற தலைப்பில் ‘சேவை’ உடைந்தது. ‘ச’ தனியாக நின்றது. அதற்குரிய இரட்டைக் கொம்பு அடுத்த ‘வ’வுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. ‘வை’யின் சங்கிலிக் கொம்பு அந்தரத்தில் தொங்கி ‘விருது’வுக்கு வழிகாட்டியது. படித்தால் ‘சவே விருது’. தமிழாசிரியர்கள் நிறைந்த அரங்கில் இருபது அடிக்கு மேல் அகலமான சுவரில் இதைப் போடச் சொன்னார்கள்!

அசைவில் கூத்து இன்னும் அதிகம். எழுத்து ஒவ்வொன்றாகப் பறந்து வந்து அமரும் வகை அனிமேஷன் அது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து ஓர் உருவம், சிக்கலில்லை. தமிழில் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால் ‘வாழ்நாள்’ வந்து அமர்ந்த பிறகு அதன் புள்ளிகள் பின்னால் தனியே பறந்து வந்தன. சொல்லை முதலில் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் அமைத்து, வடிவமாக மாற்றிக் கொண்டுவந்து, தமிழ் எழுத்து முழுமையாக வரும்படி பிரித்து அசைத்தால் தீரும் வேலை இது. தமிழ்த் தொலைக்காட்சிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தினமும் செய்வதுதான். சுட்டிக்காட்டியதற்கு வந்த விடை: “உங்கள் ஃபாண்டில் கோளாறு சார்.”

ஒளிபரப்புப் பக்கமும் இதே லட்சணம். நம் ஊர்த் தொலைக்காட்சிகள் நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம், என்ற கணக்கில் இயங்குபவை. தொலைக்காட்சி எங்களிடம் கேட்டதும் அதுவே, மதிப்பீட்டிலும் எழுதியிருந்தது. வந்தவை 30 ஃபிரேம். அதை 25 ஆக்க ஆறில் ஒரு ஃபிரேமை உதிர்க்க வேண்டும். மெதுவாக நகரும் தங்கத் துகள்கள் விக்கி விக்கி நகர்ந்தன. தொலைக்காட்சியின் தரப் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செய்தி அறைகளில் ஆஸ்டன் என்று அழைக்கும் பெயர்ப்பட்டைகள் எம்.பி.4 கோப்புகளாக, கருப்புப் பின்னணியோடு வந்தன. பேசுபவரின் படத்துக்கு மேல் பட்டை மட்டும் தெரிய வேண்டுமென்றால் பின்னணி ஒளிபுகும் வடிவில், புரோரெஸ் 4444 ஆகவோ பி.என்.ஜி. படவரிசையாகவோ கொடுக்க வேண்டும். கருப்பை மட்டும் நீக்கிப் பார்த்தேன். பட்டையின் அடர்நீலமும் சேர்ந்து ஓட்டையாயிற்று.

ஒலியில்தான் குட்டு வெளிப்பட்டது. ஹெட்ஃபோனில் கேட்டபோது இசைக்கு அடியில், குறிப்பிட்ட இடைவெளியில், ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தது. அதை மறைக்க ‘விஷ்’ என்ற காற்றோசையை அதே இடங்களில் ஏற்றியிருந்தார்கள். உற்றுக் கேட்டால் அது இசை விற்கும் ஓர் இணையதளத்தின் பெயர். பணம் கட்டாதவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று மாதிரிப் பிரதியில் பதித்து வைக்கும் குரல்.

உடனே டைட்டிலிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து கூகுள் லென்ஸில் போட்டேன். முன்பே செய்துவைத்த அனிமேஷன் மாதிரிகளை, அதாவது டெம்ப்ளேட்களை, விற்கும் பக்கம் நேராகத் திறந்துகொண்டது. அதே துகள்கள், அதே கேமரா நகர்வு, எங்கள் சின்னம் இருந்த இடத்தில் ‘உங்கள் லோகோ இங்கே’ என்ற ஆங்கில வரி. விலை நம் பணத்தில் மூவாயிரத்துக்கும் கீழே. விவரக் குறிப்பில் 1920க்கு 1080, நொடிக்கு 30 ஃபிரேம், ஆங்கில எழுத்துருவுக்கான இணைப்பு, இசை இதில் சேராது, தனியாக வாங்கிக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. அவர்களுடைய ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. சுவரின் அளவுக்கு ஏன் மாற்றவில்லை, தமிழ் ஏன் உடைந்தது, 25 ஃபிரேம் ஏன் வரவில்லை என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது எல்லாம் வீண். வாங்கிய பொருளில் இரண்டு இடங்களை நிரப்பியதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை.

டெம்ப்ளேட் பயன்படுத்துவது குற்றமல்ல. அவசர வேலைக்கு நானும் பயன்படுத்துகிறேன், வாடிக்கையாளரிடம் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு. ரெடிமேட் சட்டையை வாங்கி, அளவெடுத்துத் தைத்ததாகச் சொல்லித் தையல் கூலி வாங்குவதுதான் மோசடி.

திருத்தித் தரச் சொன்னோம். “ஒப்பந்தப்படி மூன்று திருத்தங்கள் முடிந்துவிட்டன, இனி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்” என்றார்கள். எது அந்த மூன்று? அளவு தவறு என்று சொன்னது ஒன்று, எழுத்து உடைந்ததைச் சொன்னது ஒன்று, ஃபிரேம் கணக்கு ஒன்று. தங்கள் பிழையை நாங்கள் சுட்டிக்காட்டியதைத் திருத்தம் என்று எண்ணிக் கழித்துவிட்டார்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பான ப்ராஜெக்ட் கோப்பைக் கொடுங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றதற்கு அறுபதாயிரம் கேட்டார்கள். ப்ராஜெக்ட் கோப்புக்குத் தனி விலை வைக்கும் நேர்மையான நிறுவனங்களும் உண்டு. ஆனால் திறந்தால் டெம்ப்ளேட் என்று தெரிந்துவிடும் கோப்புக்கு அந்த விலை எதற்கு என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

விழாவுக்கு முந்தைய இரவு எல்.இ.டி. இயக்கும் தம்பியும் நானும் உட்கார்ந்து, 2048க்கு 768 அளவில் அசையாத ஸ்லைடுகள் செய்தோம். அடர் மெரூன் பின்னணி, விருதாளர் படம், பெயர், பள்ளி, ஊர். அவ்வளவுதான். “இது போதும் அண்ணா, பெயர் பின் வரிசை வரைக்கும் தெரியும்” என்றான் அவன். தெரிந்தது. ஒளிபரப்புக்கான பெயர்ப்பட்டைகளையும் பிறகு நானே செய்து கொடுத்தேன்.

விழா முடிந்த கையோடு மீதி 1,41,600 ரூபாய்க்குப் பில் வந்தது. பொருளாளர் ஐயா அந்தத் தாளை ஒரு விடைத்தாள் போலத் திருத்தினார். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. முகவரி தமிழ்நாடு என்று போட்டிருந்த இவர்களுடைய எண் 29இல் தொடங்கியது, அது கர்நாடகம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடினால் வேறொருவர் பெயரில், ரத்து செய்யப்பட்ட பதிவு. பதிவு இல்லாதவர் வரி வசூலிப்பதை 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 32ஆம் பிரிவு தடை செய்கிறது. முன்பணத்தில் வரியாக வாங்கிய 21,600 ரூபாய் எங்கே போனது என்று கேட்ட நாளிலிருந்து அவர்கள் அழைப்பை எடுப்பதில்லை.

மீதியைக் கொடுக்கவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சங்கமும் ‘நபர்’ என்ற வரையறைக்குள் வருகிறது. எங்கள் விழா வணிக நோக்கம் கொண்டதும் அல்ல. கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தேசிய உதவி எண் 1915இல் முதலில் புகாரைப் பதியலாம். வியாபாரத்துக்காக வேலை கொடுத்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அவர்கள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தில் சுவரின் பிக்சல் அளவு, ஃபிரேம் கணக்கு, கோப்பு வடிவம், இசை உரிமச் சான்று ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். ஸ்டைல் ஃபிரேமுக்கு ஒப்புதல் கொடுத்த பிறகே இரண்டாம் தவணை என்று வையுங்கள். உங்கள் தலைப்பையே தமிழில் அசைத்து ஒரு பத்து விநாடி மாதிரி கேளுங்கள், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் திரையையும் காட்டச் சொல்லுங்கள். ‘உரிமை உங்களுக்கே’ என்று அவர்கள் வாயால் சொன்னால் போதாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

வழக்குப் போடவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. தங்கள் வேலைகளைக் காட்டும் அவர்களுடைய புதிய ஷோரீல் வீடியோவில் எங்கள் விழா மேடையும் சில விநாடி வருகிறது. சுவரில் தெரிவது தங்கத் துகள்கள் அல்ல, முந்தைய இரவு நாங்கள் இருவரும் செய்த மெரூன் ஸ்லைடுகள். அந்தக் காட்சியை நீக்கச் சொல்லி இரண்டாவது நோட்டீஸ் போயிருக்கிறது.