நிலக்கரியா, கரும்பா, மின்சாரமா? டர்பனிலிருந்து ஒரு கணக்கு

மாதத்தின் முதல் புதன்கிழமை வந்தால் இங்கே தென்னாப்பிரிக்காவில் பெட்ரோல் விலை மாறும். ஏறப்போகிறது என்று தெரிந்தால், செவ்வாய் ராத்திரி பங்க் வரிசையில் எங்கள் அண்ணன் வண்டியும் நிற்கும். வளைகுடாவில் என்ன நடந்தது, டாலருக்கு எங்கள் நாணயமான ராண்ட் எத்தனை என்பதை வைத்துத்தான் எங்கள் விலை. இந்தப் பிடியிலிருந்து விடுபடத் தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றால் விடுபடுவது யார் என்பதுதான் என் கேள்வி.

நிலக்கரி வழி பழையது. 1950இல் தொடங்கிய சாசோல் நிறுவனம் 1955இல் சாசோல்பர்க்கில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுத்தது. நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் கொண்டு வாயுவாக்கி, இரும்பு வினையூக்கியின் மேல் செலுத்தி எண்ணெயாக்கும் முறை. 1920களில் ஜெர்மனியில் பிறந்தது. நிறவெறி அரசு இதை உயிர்நாடியாகப் பிடித்துக்கொண்டது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தபோது ஈரான் கைகொடுத்தது; 1979இல் ஈரான் மன்னர் ஷா வீழ்ந்ததும் அந்தக் கையும் போயிற்று. செகுண்டா என்ற ஊரில் சாசோலின் பிரம்மாண்டமான ஆலைகள் எழுந்தது இந்தப் பயத்தில்தான்.

அந்தப் பயம் எவ்வளவு என்பதற்கு எங்கள் கடற்கரையே சாட்சி. 1979 டிசம்பர் கடைசியில் 'சேலம்' என்ற கப்பல், பெயரை மாற்றிக்கொண்டு, டர்பன் கடலில் சுமார் 1,80,000 டன் குவைத் கச்சா எண்ணெயைத் திருட்டுத்தனமாக இறக்கியது. அப்புறம் செனகல் அருகே அந்தக் கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்தார்கள். உயிர் தப்பிய மாலுமிகள் பெட்டி படுக்கையை ஒழுங்காகக் கட்டி எடுத்து வந்திருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகமே வந்தது.

சரி, சொந்த நிலக்கரியில் காய்ச்சிய பெட்ரோல் நமக்கு மலிவாகக் கிடைக்கிறதா? இல்லை. வெளிநாட்டிலிருந்து இறக்கினால் என்ன விலையோ, அதையே அடிப்படையாக வைத்துத்தான் எல்லாப் பெட்ரோலுக்கும் விலை போடுகிறார்கள். தடையிலிருந்து தப்பியது அன்றைய அரசு. பங்க்கில் நிற்பவர் தப்பவில்லை. கரியமில வாயுவை ஒரே இடத்திலிருந்து அதிகம் கக்கும் ஆலைகளில் செகுண்டா உலக அளவில் முன்னணியில் இருக்கிறது. இந்த வழியை இனியும் நீட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கரும்பு விஷயத்தில் நான் நடுநிலையாளன் இல்லை. 1860இல் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்கள் வெட்டிய பயிர் அது. என் தாத்தாவின் உள்ளங்கைத் தழும்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் உலகப் போர்க் காலத்திலேயே டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து சாராயம் எடுத்து, ஈதர் சேர்த்து, 'நேட்டலைட்' என்று வண்டிக்கு ஊற்றினார்கள். 2012இல் பெட்ரோலில் குறைந்தது 2 சதவீதம் எத்தனால், அதாவது அதே சாராயம், கலக்க விதி போட்டார்கள். 2015 அக்டோபரில் தொடங்க வேண்டியது, நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் கணக்கு கணக்குதான். ஒரு டன் கரும்பில் 70, 80 லிட்டர் எத்தனால் கிடைக்கும். இங்கே ஆண்டுக்கு விளையும் சுமார் 1.8 கோடி டன் கரும்பு மொத்தத்தையும் வடித்தாலும் சுமார் 130 கோடி லிட்டர்தான் வரும். நாடு குடிப்பதோ ஏறக்குறைய 1,000 கோடி லிட்டர் பெட்ரோல். அதோடு எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே கரும்பு கலவைக்குத்தான் ஆகும், மாற்றாகாது. அந்தக் கலவையே நலிந்து கிடக்கும் கரும்பு விவசாயிக்குப் பெரிய ஆறுதல்.

டர்பனின் தெற்கே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி, நான் குடியிருக்கும் மெரெபேங்கில் காற்றுக்கே ஒரு வாசனை உண்டு. 2000களின் தொடக்கத்தில் இங்குள்ள பள்ளி ஒன்றில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி இருந்தது. அந்த ஆலைகளில் ஒன்று 2020 டிசம்பரில் வெடித்து, பிறகு சேமிப்புக் கிடங்காயிற்று. இன்னொன்று 2022இல் நின்றது. இப்போது முன்பைவிட அதிகமாகச் சுத்திகரித்த எண்ணெயே கப்பலில் வருகிறது. வெளிநாட்டுப் பிடி முன்பைவிட இறுகித்தான் இருக்கிறது.

என் ஓட்டு மின்சாரத்துக்கு. 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர், லிட்டர் 20 ராண்ட் என்று வைத்தால் 140 ராண்ட். மின்சார கார் சுமார் 16 யூனிட் எடுக்கும். யூனிட் மூன்றரை ராண்ட் என்றால் 56. மின்சாரத்திலும் நிலக்கரிதான் பெரும்பங்கு, 2023இல் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டில் பட்ட பாடும் மறக்கவில்லை. எங்கள் புகையை, அனல்மின் நிலையங்கள் நிறைந்த முபுமலாங்கா மாகாணப் பிள்ளைகள் தலையில் தள்ளுவதும் நியாயமில்லை. அதனால் கூரையில் சோலார் தகடு போட முடிந்தவர்கள் அதோடு சேர்த்துத்தான் இந்தக் காரை வாங்க வேண்டும். வாடகை வீட்டிலிருந்து மினிபஸ் டாக்ஸியில் வேலைக்குப் போகிறவருக்கு இது உடனே உதவாது. அவர் ஏறும் வண்டிக்குத்தான் கரும்புக் கலவை தேவை.

ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதி வரி 18 சதவீதம், மின்சார காருக்கு 25 என்று வைத்திருந்தது எந்த ஊர் நியாயம்? இரண்டையும் சமமாக்கட்டும். தூங்கும் அந்த 2012 விதியையும் எழுப்பட்டும்.